வீட்டிலிருந்து உயர்கல்வி: கொள்ளைநோய்க் காலக் கற்றல் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொவிட்-19 காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் படித்தவர்கள் திரைவழியே கற்றபோது பட்ட சிரமங்களைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறு என்பதால் அது தேவையான இடத்தில் மட்டுமே வரும்.

சிங்கப்பூரில் உயர்கல்வி வகுப்புகள் எப்போது, எப்படி வீட்டுக்கு மாறின?

ஒரே நாளில் மாறவில்லை. முதல் கிருமித்தொற்று 2020 ஜனவரி 23ஆம் தேதி உறுதியானது. பிப்ரவரி 7ஆம் தேதி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு படிகளுள்ள நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டதும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 50 பேருக்கு மேற்பட்ட வகுப்புகளை இணையத்துக்குக் கொண்டுபோனது. ஆகவே, பல்கலைக்கழக மாணவர்களில் பலர் பிப்ரவரியிலேயே பாதி வளாகத்திலும் பாதி திரையிலுமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ சியன் லூங், அத்தியாவசியமானவை தவிர்த்த வேலையிடங்களை மூடி மக்களை வீட்டிலிருக்கச் செய்யும் அதிரடித் திட்டத்தை (சர்க்யூட் பிரேக்கர்) அறிவித்தார். அது 7ஆம் தேதி தொடங்கியது, மறுநாளிலிருந்து எல்லாக் கல்வி நிலையங்களும் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. மே 4 வரை என்று முதலில் சொல்லப்பட்ட அந்தத் திட்டம் ஜூன் 1 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் மே 16 முதல் ஜூன் 13 வரையிலும், ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 9 வரையிலும் கட்டுப்பாடுகள் மீண்டும் இறுகின.

எச்சரிக்கை நிலை பச்சைக்குத் திரும்பியது 2023 பிப்ரவரி 13ஆம் தேதிதான். 2020 ஏப்ரலில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர் முதல் வகுப்பைத் திரையில் தொடங்கி, படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் அந்தப் பச்சை நிலையைப் பார்த்தார். நோய்க்கு முந்திய கல்லூரி எப்படி இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

எல்லார் வீட்டிலும் அதிவேக இணையம் இருக்கும் ஊரில் இதில் அப்படி என்ன சிரமம்?

பெரும்பாலோருக்கு இணைய வேகம் தடையாக இருக்கவில்லை. இடம்தான் தடையாக இருந்தது. நம்மூரில் மூவறை வீடு என்றால் படுக்கையறைகள் இரண்டுதான், கூடம்தான் மூன்றாவது அறையாகக் கணக்கில் சேர்கிறது. சுமார் 60 முதல் 65 சதுர மீட்டர் பரப்புள்ள அத்தகைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், அப்பா கூடத்தில் அமர்ந்து அலுவலகக் கூட்டத்தில் பேச, தம்பி சாப்பாட்டு மேசையில் உயர்நிலைப்பள்ளிப் பாடத்தைக் கேட்க, அக்கா கட்டிலின்மேல் மடிக்கணினியை வைத்து விரிவுரையைக் கவனிக்க, பாட்டி தம்முடைய பிற்பகல் தொடரை ஒலியின்றிப் பார்க்க வேண்டியதாயிற்று. டியூட்டோரியல் எனப்படும் சிறுகுழு வகுப்பில் விரிவுரையாளர் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்கும் அதே நொடியில் சமையலறையில் குக்கர் கூவும். ஒலிவாங்கியை இயக்கப் போன விரலை மாணவி அப்படியே நிறுத்திக்கொள்வாள். மூன்றாவது விசில் அடங்குவதற்குள் கேள்வி இன்னொருவருக்குப் போயிருக்கும். வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு என்ற பாடத்தில் இப்படிப் பல வாரம் நடந்தால், அந்த மாணவி பாடத்தில் ஆர்வமில்லாதவள் என்றே பதிவாகும்.

வழக்கமாக நம் மாணவர்கள் வீட்டில் படிப்பதே குறைவு. வட்டார நூலகம், வளாகத்தின் படிப்பறை, காப்பிக் கடையின் மூலை மேசை, சாங்கி விமான நிலைய முனையங்கள் என்று இடந்தேடிப் போய்ப் படிப்பது இங்கே ஊரறிந்த வழக்கம். அதிரடித் திட்டம் அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் மூடிவிட்டது. சிறிய வீடுகளில் வாழும் ஊருக்குப் பொது இடங்கள்தான் படிப்பறை என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

என் மகள் நாள் முழுவதும் வீட்டில்தானே இருந்தாள்? படிக்க நேரம் போதவில்லை என்று அவள் சொன்னதை எப்படி நம்புவது?

நம்பலாம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற சொல்தான் அந்தக் காலத்தில் பல தமிழ் வீடுகளில் மாணவர்களின் நேரத்தைத் தின்றது. வளாகத்திலிருக்கும் பிள்ளையை யாரும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். அறையிலிருக்கும் பிள்ளையிடம் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வதும், தம்பியின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கச் சொல்வதும், தாத்தாவின் கைத்தொலைபேசியில் காணொளி அழைப்பை இணைத்துத் தரச் சொல்வதும் இயல்பாக நடந்தன. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த விரிவுரையில் விட்ட இடத்தை மீண்டும் பிடிக்க அதைவிட அதிக நேரமாகும். இந்த வேலைகள் மகன்களைக் காட்டிலும் மகள்களிடமே கூடுதலாகச் சேர்ந்தன என்று சொன்னால் நம் வீடுகளை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இதில் பெற்றோரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி சிரிக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா, நண்பர்களோடு அரட்டையில் இருக்கிறதா என்பது கதவோரத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? சில வீடுகளில் வாரத்தின் வகுப்பு நேரங்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். எளிய ஏற்பாடுதான், ஆனாலும் பல வாக்குவாதங்களை அது தவிர்த்தது.

மடிக்கணினி இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களிடம் பெரும்பாலும் சொந்தக் கணினி இருந்தது. பழுதான அல்லது மிகப் பழைய கணினிகள்தான் சிக்கலாயின. கல்வி நிலையங்கள் கணினிகளை இரவல் கொடுத்தன. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை விலையில் கணினி தரும் நியூ பிசி பிளஸ் என்ற திட்டம் ஏற்கனவே நடப்பில் இருந்தது. அதன் இடத்தில் 2023 முதல் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டம் நடைபெறுகிறது. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். கைத்தொலைபேசித் தரவை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காணொளியுடன் கூடிய ஒரு மணி நேரக் குழு வகுப்புக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட் தரவு செலவாகும்.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கு ஏன் அவ்வளவு களைப்பு ஏற்படுகிறது?

ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல முகங்கள் மிக அருகிலிருந்து நம்மையே பார்ப்பதுபோல் தோன்றுவது முதலாவது. தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டாவது. கேமராவின் சட்டத்தைவிட்டு நகர முடியாமல் உடல் கட்டுண்டு கிடப்பது மூன்றாவது. நேரில் தானாகவே புரியும் தலையசைவையும் முகக்குறிப்பையும் திரையில் வலிந்து காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது நான்காவது.

சிங்கப்பூர் மாணவருக்கு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்பது எங்கள் கருத்து. வகுப்பு முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்கு நடப்பது, வளாகப் பேருந்தில் நின்றுகொண்டே நண்பரிடம் "அந்த மூன்றாவது கணக்கு உனக்குப் புரிந்ததா?" என்று கேட்பது, உணவகத்தில் வரிசையில் நிற்பது ஆகிய எல்லாமே மூளைக்கு ஓய்வாகவும், பாடத்தைச் செரித்துக்கொள்ளும் நேரமாகவும் இருந்தன. திரையில் பத்து மணி வகுப்பு முடியும் நொடியில் அடுத்த வகுப்பின் இணைப்பு திறந்துவிடும்.

கேமராவை அணைத்து வைப்பது மரியாதைக் குறைவா?

இல்லை. காலியான கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது கற்பிப்பவருக்கு எவ்வளவு வறட்சியான அனுபவம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேமராவை இயக்கினால் மாணவரின் முகத்தோடு வீடும் சேர்ந்து தெரியும். பின்னால் காயும் துணிகளையும், சாமி படத்தையும், குறுக்கே நடந்துபோகும் அண்ணனையும் முப்பது பேர் பார்ப்பதை விரும்பாதவருக்கு அந்த உரிமை உண்டு. திரையில் செயற்கைப் பின்னணியை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பழைய கணினிகள் அதைத் தாங்குவதில்லை. வகுப்பின் தொடக்கத்தில் வணக்கம் சொல்லும்போதும், சிறுகுழுவாகப் பேசும்போதும் மட்டும் முகத்தைக் காட்டச் சொன்ன ஆசிரியர்களின் வழியே எங்களுக்கு நடுநிலையானதாகப் படுகிறது.

இதையொட்டிப் பாதுகாப்புப் பற்றியும் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரு பள்ளியின் ஸூம் வகுப்புக்குள் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியதையடுத்து, ஆசிரியர்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு சில நாள்கள் நிறுத்திவைத்தது. கூடுதல் பாதுகாப்பு அமைப்புகளுடன் அது பின்னர் திரும்ப அனுமதிக்கப்பட்டது. வகுப்பு இணைப்பை வெளியாருடன் பகிரக் கூடாது என்ற விதி இன்று எல்லா இடங்களிலும் கண்டிப்பாக இருப்பதற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

விரிவுரைகள் பதிவாகக் கிடைத்தது வசதிதானே?

தவணை முடியும் வரை வசதியாகத்தான் தெரியும். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது நாளடைவில் எப்போதும் பார்க்காமலேயே போவதற்கு வழிவிட்டது. ஐந்து பாடங்களில் ஒவ்வொன்றிலும் வாரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால், மூன்றே வாரத்தில் முப்பது மணி நேரம் சேர்ந்துவிடும். பிறகு இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பேச்சாளரின் மூச்சுகூடக் கேட்காத அளவுக்கு விரைந்து முடிப்பார்கள். பார்த்தாயிற்று என்ற நிறைவு மட்டும் மிஞ்சும், பாடம் மிஞ்சாது. பதிவை முதல்முறை கேட்கப் பயன்படுத்தாமல், புரியாத பத்து நிமிடத்தை மீண்டும் கேட்கப் பயன்படுத்தியவர்களே அதனால் பலன் பெற்றார்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும் விரிவுரையாளரைப் பின்தொடரச் சிரமப்பட்ட வெளிநாட்டு மாணவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி.

தேர்வுகள் எப்படி நடந்தன? வீட்டிலிருந்து எழுதியதால் எளிதாக இருந்ததா?

எளிதாக இருந்திருக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். 2020 ஏப்ரல் இறுதியில் பல்கலைக்கழகத் தேர்வுகள் தொடங்கியபோது, பாடங்களுக்கேற்பப் பல முறைகள் கையாளப்பட்டன. சில பாடங்களில் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை கேட்கப்பட்டது, சிலவற்றில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு நடந்தது, சிலவற்றில் கேமராக் கண்காணிப்புடன் நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வு நடந்தது.

மூன்றாவது வகைதான் பலருக்கு நினைவில் நிற்கிறது. கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி, முகமும் இரண்டு கைகளும் கணினித் திரையும் ஒருசேரத் தெரியும்படி வைக்க வேண்டும். அதற்கென்று தாங்கி வாங்கக் கடைகள் திறந்திருக்கவில்லை. எனவே மைலோ டின்னின்மேல் இரண்டு பாடநூல்களை அடுக்கி, அதன்மேல் தொலைபேசியைச் சாய்த்து, வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள். கோணம் சரியா என்று கண்காணிப்பாளர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைபேசியின் மின்கலம் தேர்வு முடியும்வரை தாங்குமா, பாதியில் இணைப்பு அறுந்தால் ஏமாற்றியதாக நினைத்துவிடுவார்களா, அம்மா தெரியாமல் கதவைத் திறந்துவிடுவாரா என்ற கவலைகள் வினாத்தாளுக்கு முன்னரே வந்து நின்றன.

புத்தகம் திறந்திருக்கும் தேர்வுகளில் வினாக்களே மாறின. மனப்பாடத்தில் கெட்டிக்காரராக இருந்தவர்கள் தடுமாறினார்கள். பல ஆண்டு வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகும் நம்மூர்ப் பயிற்சிமுறை அங்கே அவ்வளவாக உதவவில்லை. இதைப் பாதகமாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் மாற்றத்துக்குப் பழக அவகாசம் தரப்பட்டிருக்க வேண்டும். நெருக்கடியைக் கருதிப் பல்கலைக்கழகங்கள் சில பாடங்களின் தரநிலையைச் சராசரிப் புள்ளியில் சேர்க்காமல் விடும் வாய்ப்பை மாணவர்களுக்கு விரிவுபடுத்தின.

செய்முறைப் பாடங்களின் கதி என்ன?

உண்மையான இழப்பு இங்கேதான் நேர்ந்தது. விரிவுரையைத் திரையில் கேட்கலாம். பற்றவைப்பையும், சமையலையும், நோயாளிக்கு ஊசி போடுவதையும் திரையில் கற்க முடியாது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் படிப்பின் பெரும்பகுதி பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நடப்பதால், அங்கே படித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைவிட அதிகமாக இழந்தார்கள். ஆனால் கொள்ளைநோய்க் காலக் கல்வியைப் பற்றிய பேச்சில் பல்கலைக்கழகமே பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. 2020 ஜூன் 2ஆம் தேதிக்குப் பிறகு செய்முறை வகுப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்துச் சிறு குழுக்களாக மாணவர்களைப் படிப்படியாக வரவழைத்தார்கள். அது சரியான முடிவு. ஆயினும் தள்ளிப்போன வேலைப் பயிற்சிகளையும் ரத்தான வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டங்களையும் பலரால் திரும்பப் பெற முடியவில்லை.

மலேசியா, இந்தியாவிலிருந்து வந்து படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று ஓரிரு நாளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் தங்கியவர்கள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ மாதக்கணக்கில் இருந்தார்கள்; கண்ணுக்கெட்டும் தூரத்திலிருந்த வீட்டுக்குத் தீபாவளிக்கும் போக முடியவில்லை. தரைவழி எல்லை பழைய நிலைக்குத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

இந்தியாவுக்குத் திரும்பியவர்களின் சிக்கல் வேறு. சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், இங்கே காலை எட்டரை மணி வகுப்பு திருச்சியில் ஆறு மணி வகுப்பு. மின்தடை வந்தால் வைஃபை போய்விடும், தொலைபேசித் தரவுக்கு மாற வேண்டும். பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளித்துவந்தவர்களுக்கு அந்த வருமானமும் நின்றது.

முதலாம் ஆண்டு மாணவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்களா?

ஆம் என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியும், புதியவருக்குத் தெரியாது. 2020இல் சேர்ந்தவர்களுக்கு அறிமுக முகாம்களும் திரையில்தான் நடந்தன. திட்டப்பணிக் குழுவில் ஐந்து பேர், வாட்ஸ்அப்பில் ஐந்து பெயர்கள்; அவர்களில் ஒருவர் எந்தச் செய்திக்கும் பதில் தரவில்லை என்றால் அவர் சோம்பேறியா, நோயுற்றிருக்கிறாரா, வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா என்று அறிய வழியில்லை. நேரில் ஒருமுறை சேர்ந்து சாப்பிட்டிருந்தால் கேட்டிருக்கலாம்.

தமிழ் மாணவர்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளின் நாடகப் பயிற்சிகளிலும் விவாதப் போட்டிகளிலும்தான் புதியவர்கள் மூத்தவர்களோடு பழகி, எந்தப் பாடத்தை எந்தத் தவணையில் எடுப்பது, எந்த நூலைப் பழையதாக வாங்கலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொள்வார்கள். இணையக் கூட்டங்கள் நடக்காமலில்லை. ஆனால் கட்டணமில்லாத ஸூம் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படும். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் திரை மூடிவிட்டால், மறு இணைப்புக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள்.

கல்விக் கடனுக்குச் சலுகை இருந்ததா?

இருந்தது. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மீள்திறன் வரவுசெலவுத் திட்டத்தின்படி, அரசாங்கக் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்துவதும் அதற்கான வட்டியும் ஜூன் 1 முதல் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன.

பிள்ளை சோம்பலாக இருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

சோம்பல் பிடித்த பிள்ளை பிடித்தமானவற்றில் உற்சாகமாக இருக்கும். மனம் சோர்ந்தவர் பிடித்தவற்றையும் விட்டுவிடுவார். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது, சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துப்போய் அப்படியே திருப்பிக் கொண்டுவருவது, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டாலும் கோபப்படாமல் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்வது ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். அந்நேரத்தில் மற்ற வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதைப்போல் கெடுதல் வேறில்லை.

உயர்கல்வி நிலையங்கள் அனைத்திலும் ஆலோசனைச் சேவை உண்டு. மனநல உதவிக்குத் தேசிய மைண்ட்லைன் 1771 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

இப்போதும் என் விரிவுரைகள் சில இணையத்தில்தான் நடக்கின்றன. கட்டுப்பாடு முடிந்த பிறகும் இது ஏன்?

திரைவழி விரிவுரையைக் கல்வி நிலையங்கள் கொள்ளைநோய்க்குப் பிறகும் முழுமையாகக் கைவிடவில்லை. பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கும், வேலை முடிந்து மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வரும் மாணவருக்கும் அது நல்லதே. உயர்நிலைப்பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் 2021 முதல் மாதம் இருமுறை வீட்டிலிருந்து கற்கும் நாள்கள் அட்டவணையிலேயே இடம்பெற்றன. ஆகவே இன்று கல்லூரிக்கு வருபவர்களுக்கு இது புதிதன்று. எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: பெரிய விரிவுரை திரையில் நடந்தால், அதையொட்டிய டியூட்டோரியல் நேரில் நடக்க வேண்டும்.

நாளை மீண்டும் இத்தகைய அறிவிப்பு வந்தால் முதல் வாரத்தில் என்ன செய்வது?

வீட்டில் யாருக்கு எந்த நேரத்தில் எந்த இடம் என்பதை அன்றிரவே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது ஒரு சக மாணவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சல் மட்டும் போதாது. தேர்வு எந்த முறையில் நடக்கும், இணைப்பு அறுந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதை விரிவுரையாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஏதேனும் கோளாறு இருந்தால் அதை முதல் நாளே கல்லூரியிடம் தெரிவித்துவிடுங்கள், ஏனென்றால் இரவல் கணினிகளுக்கு வரிசை விரைவில் நீண்டுவிடும்.